சஹ்யாத்திரி மேட்டு நிலங்களில் காட்டுப்பூக்களைக் கண்டறிதல்

களப்பணியாளர்க்கும் பள்ளி ஆசிரியர்க்குமான பாடம்

மழைக்காலத்தில் மலையேறச் செல்லும் மாணவர் குழு ஒன்று, வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் காணும் பூ எதுவாக இருக்கும்? பெரும்பாலும் அது சாலையோரத்தில் மஞ்சளும் சிவப்புமாகச் செழித்து நிற்கும் உண்ணிச்செடியாகவோ, வெண்மையான சிறு தலைகளை அசைக்கும் பார்த்தீனியமாகவோ, தரையில் படர்ந்த வெட்டுக்காயப் பூண்டாகவோ இருக்கும். மாணவர்கள் அதனைக் காட்டுப்பூ என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்வர். ஆசிரியரும் மறுத்துரைப்பதில்லை. ஆனால் இம்மூன்றும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்து குடியேறியவை. அம்மலைக்கே உரிய பூக்களோ பாதையிலிருந்து சில மீட்டர் தள்ளி, பாறை இடுக்கில், விரல் உயரத்தில், யாரும் குனிந்து பாராமல் பூத்து முடிந்துவிடுகின்றன. அவற்றை எங்கே தேடுவது, எவ்வாறு இனங்காண்பது, வந்தேறிச் செடிகளிலிருந்து எவ்வாறு பிரித்தறிவது என்பனவே இப்பாடத்தின் பொருளாகும்.

மகாராஷ்டிர மாநிலத்தில் சத்தாரா நகருக்கு மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள காஸ் பீடபூமி இதற்கு உதாரணமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் அமைந்த இம்மேட்டு நிலம், 2012ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளுள் ஒன்று. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் ஆசிரியர்கள் மாணவர்களை அழைத்துக்கொண்டு இங்கே வருகின்றனர். இங்கே கற்கும் முறை வேறு மலைகளுக்கும் பொருந்தும். பூக்களின் பெயர்ப்பட்டியல்தான் பொருந்தாது.

நிலத்தை முதலில் படித்தல்

காஸைப் போன்ற மேட்டு நிலங்களை அப்பகுதி மக்கள் 'சடா' என்று வழங்குவர். தக்காணத்தின் எரிமலைப் பாறை நீண்ட காலம் மழையிலும் வெயிலிலும் சிதைந்து, இரும்பும் அலுமினியமும் மிகுந்த செம்பூராங்கல்லாக மாறி, மலையின் தலையில் தட்டையான மூடிபோல அமர்ந்திருக்கிறது. மூடியின்மேல் மண் மிகக் குறைவு. பல இடங்களில் ஒரு விரற்கடை ஆழமே இருக்கும். சில இடங்களில் வெறும் பாறைதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. எஞ்சிய மாதங்களில் அதே பாறை வெயிலில் காய்ந்து சுடுகிறது. பெருமரங்கள் வேரூன்ற இங்கே வழியில்லை. ஆகவே, கிழங்காகவோ விதையாகவோ வறட்சியைக் கடந்து, மழை வந்ததும் நான்கு மாதங்களுக்குள் முளைத்துப் பூத்து விதைத்து மறையும் சிறு செடிகளின் இராச்சியமாக இந்நிலம் அமைந்தது.

பூவைத் தேடுமுன் நீரைத் தேட வேண்டும் என்பது களப்பணியாளர் இங்கே கற்கும் முதற்பாடம். தட்டையாகத் தோன்றும் பாறை உண்மையில் தட்டையன்று. ஒரு சாண் பள்ளத்தில் நீர் தேங்கிக் குட்டையாகிறது. அதன் விளிம்பில் சேறு. விளிம்புக்கு அப்பால் நீர் மெல்லக் கசிந்தோடும் ஈரப்பாறை. அதற்கு மேல் சிறிது மண் சேர்ந்த புல்தரை. அதற்கும் மேல் உலர்ந்த கல். இந்த ஐந்தும் பத்தடிக்குள் அடங்கிவிடக்கூடும். ஆயினும் ஒவ்வொன்றிலும் வாழும் செடிகள் வேறு. குட்டைக்குள் வேரூன்றி, நீருக்கு மேலே இரண்டாகப் பிளந்த பூங்கதிரை நீட்டும் அபோனோகெட்டன் சத்தாரென்சிஸ் என்னும் செடியைப் புல்தரையில் தேடிப் பயனில்லை. சத்தாராவின் பெயரையே தாங்கிய அச்செடி 1982ஆம் ஆண்டில்தான் அறிவியல் உலகுக்கு விவரிக்கப்பட்டது. அதற்கு முந்தைய நூல்களை மட்டும் வைத்திருப்பவர் அதனைக் கண்டாலும் பெயரிட இயலாது.

காலமும் இடத்தைப் போலவே முக்கியமானது. முதல் மழை விழுந்ததும் ஜூன், ஜூலை மாதங்களில் கிழங்குச் செடிகளும் தரை ஆர்க்கிடுகளும் தலைகாட்டும். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் ஊதாவும் வெண்மையும் மஞ்சளுமாகச் சிறு பூக்கள் தரையை மூடும். செப்டம்பர் இறுதியில் மஞ்சள் நிறம் மேலோங்கி, அக்டோபரில் புல் பழுக்கும். 'பூக்கள் எப்போது வரும்' என்று கேட்டு ஒரே நாளில் அனைத்தையும் காண விரும்புவோர், ஏறத்தாழ நான்கு மாதங்கள் நடக்கும் நாடகத்தில் ஒரு காட்சியை மட்டும் பார்த்துத் திரும்புகிறவராவர். ஒரே இடத்திற்கு மூன்று முறை செல்வது மூன்று இடங்களுக்கு ஒருமுறை செல்வதைவிட மேலானது.

நிறத்தை நம்பலாகாது

பூக்களை நிறவாரியாகப் பிரித்துத் தரும் கையேடுகள் தொடக்கத்தில் உதவும் என்பது உண்மையே. எனினும் நிறத்தை முதல் அடையாளமாகக் கொள்ளும் பழக்கம் மாணவரை நெடுந்தூரம் வழிதவறச் செய்யும். தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தள் சஹ்யாத்திரிப் புதர்களிலும் பூக்கிறது. மராத்தியில் அதற்குக் 'களலாவி' என்று பெயர். மலர்ந்த புதிதில் அதன் இதழ்கள் பசுமை கலந்த மஞ்சளாயிருந்து, நாளடைவில் செந்நிறம் அடைகின்றன. ஒரே கொடியில் மஞ்சள் பூவும் சிவப்புப் பூவும் சேர்ந்து நிற்பதைக் காட்டி, 'இவை இரு வகைப் பூக்களா?' என்று மாணவரைக் கேட்பது சிறந்த தொடக்கமாகும். நிறம் மாறினும் மாறாதவை எவை என்று அவர்களே தேடுவர்: பின்னோக்கி வளைந்த ஆறு இதழ்கள், பக்கவாட்டில் நீண்ட ஆறு கேசரங்கள், நுனி சுருண்டு பற்றுக்கம்பியாகிய இலைகள். இம்மூன்றும் அமைந்த வேறு செடியோடு காந்தளை மயங்க இடமில்லை. அதன் கிழங்கு கொடிய நஞ்சுடையது என்பதையும் அப்போதே சொல்லிவைத்தல் நலம்.

மஞ்சள் நிறத்தை எடுத்துக்கொள்வோம். செப்டம்பரில் காஸுக்குச் செல்லும் வழியில் தொலைவில் மூன்று மஞ்சள் பரப்புகள் தென்படக்கூடும். மூன்றையும் பயணிகள் ஒரே பூவென்றே படம் எடுக்கின்றனர். அருகே சென்று குனிந்தால் உண்மை வேறாகும்.

முதலாவது, மக்கள் 'கவளா' என்று அழைக்கும் ஸ்மித்தியா. இது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. மேலே நிமிர்ந்த ஒரு கொடியல்லி, இருபுறம் இரண்டு சிறகல்லிகள், கீழே படகுபோல் இணைந்த இரண்டு அல்லிகள் என, அவரைப் பூவை அறிந்த எவரும் உடனே அறியும் அமைப்பு இதற்குண்டு. இலையும் அவ்வாறே பல சிற்றிலைகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். இரண்டாவது, 'சோன்கி' எனப்படும் செனிசியோ. இது சூரியகாந்திக் குடும்பம். 'ஒரு பூ' என்று நாம் நினைப்பது இங்கே ஒரு பூவன்று. பல சிறுமலர்கள் ஒரே மேடையில் நெருங்கி அமைந்த தலைமஞ்சரி அது. இதழ்போலத் தோன்றும் ஒவ்வொன்றும் தனித்தனிச் சிறுமலர். மூன்றாவது, மலைச்சரிவில் உழவர் விதைத்த பேயெள்ளுப் பயிர். இதுவும் சூரியகாந்திக் குடும்பமே. எண்ணெய் வித்துக்காகப் பயிரிடப்படும் இச்செடியின் தாயகம் எத்தியோப்பியா. வரப்பும் வரிசையும் கண்டதும் பயிர் என்று தெளிய வேண்டும். ஆனால் வரப்பிலிருந்து தப்பிப் பாதையோரம் முளைத்த பேயெள்ளைக் காட்டுப்பூவாக எண்ணியவர் பலர்.

ஊதா நிறமும் இவ்வாறே. ஆகஸ்டு முடிவில் ஈரப்பாறை முழுவதும் ஊதா விரிப்பு விரித்தாற்போல் தோன்றும். அருகில் பார்த்தால் அதில் குறைந்தது மூன்று வெவ்வேறு குடும்பங்கள் கலந்திருக்கும். கணுதோறும் ஒடுங்கிய இலைகள் வட்டமாய்ச் சூழ, மயிர் அடர்ந்த கேசரங்கள் வெளியே நீண்டு, பூங்கதிர் முழுவதும் பஞ்சுபோல் தோன்றுவது போகோஸ்டெமோன். இது துளசிக் குடும்பம். பூவின் பின்புறம் தேன்குழல் வால்போல் நீண்டு, முற்றிய காயைத் தொட்டதும் வெடித்து விதை தெறிப்பது காசித்தும்பையின் உறவினமாகிய இம்பேஷியன்ஸ். இலையே காணாமல், நூல்போன்ற தண்டின் உச்சியில் இரண்டு உதடுகளுடன் நிற்பது யூட்ரிகுலேரியா. கடைசியாகச் சொல்லப்பட்ட இதனைச் சற்று விரிவாகப் பார்ப்பது, இனங்காணும் முறை முழுவதையும் விளக்கிவிடும்.

சீதையின் கண்ணீர்

யூட்ரிகுலேரியாவின் ஒரு வகையைச் சத்தாரா வட்டார மக்கள் 'சீதேசி ஆஸவே', அதாவது சீதையின் கண்ணீர், என்று அழைக்கின்றனர். பூவின் அளவு நகத்தளவே. அதனைப் பறித்துக் கையில் ஏந்திப் பார்ப்பதே பலருக்குத் தோன்றும் வழி. ஆனால் பறித்த சில நிமிடங்களில் பூ வாடிச் சுருங்கிவிடும். பார்க்க வேண்டியவை பாதி மறைந்துவிடும். ஆகவே பார்ப்பவர் தரையில் முழந்தாளிட்டுப் பூவின் மட்டத்திற்குத் தம் கண்ணைத் தாழ்த்த வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸைக் கண்ணுக்கு அருகே ஒட்டிப் பிடித்து, தலையை முன்னே கொண்டுசென்று பூவைத் தெளிவாக்க வேண்டும். லென்ஸைப் பூவருகே பிடித்துக்கொண்டு தொலைவிலிருந்து பார்ப்பது மாணவர் வழக்கமாகச் செய்யும் பிழை. சட்டைப்பையில் அடங்கும் சிறு முகக்கண்ணாடி ஒன்றும் வைத்துக்கொள்வது நலம். அதனைப் பூவின் அடியில் செருகினால், தண்டைத் தொடாமலே புல்லிவட்டத்தைக் காணலாம்.

இவ்வாறு பார்க்கும்போது தெரிவன: புல்லிகள் இரண்டே. அல்லிவட்டம் மேலுதடு, கீழுதடு எனப் பிரிந்திருக்கிறது. கீழுதட்டின் பின்னால் தேன்குழல் ஒன்று நீண்டிருக்கிறது. கேசரங்கள் இரண்டு. இரண்டு புல்லிகளும் இரண்டு உதடுகளும் இரண்டு கேசரங்களும் ஒருங்கே அமைந்து, இலைகள் மிகச் சிறுத்தோ மறைந்தோ போன ஈரநிலச் செடி யூட்ரிகுலேரியாவாகவே இருக்கும். நிறம் இங்கே ஓரிடத்திலும் பேசப்படவில்லை என்பதை ஆசிரியர் கவனித்தல் வேண்டும். இதே இனத்தில் வெண்பூ உடையவையும் மஞ்சள் பூ உடையவையும் உண்டு.

இச்செடி ஏன் இங்கே இத்துணை மிகுதியாக வளர்கிறது என்பதற்கும் மண்ணே விடை தருகிறது. கல்லின்மேல் படிந்த மெல்லிய மண்ணை மழைநீர் ஓயாது கழுவுவதால், செடிக்குத் தேவையான நைட்ரஜன் உப்புக்கள் அதில் மிகக் குறைவு. அக்குறையை யூட்ரிகுலேரியா வேட்டையாடி நிரப்பிக்கொள்கிறது. சேற்றுக்குள் உள்ள அதன் நுண்ணிய பைகள் உள்ளிருக்கும் நீரை வெளியேற்றி ஒடுங்கி நிற்கும். வாயிலில் உள்ள மயிரை ஒரு நுண்ணுயிர் தீண்டியதும் கதவு திறந்து, நீரோடு அவ்வுயிரும் கண்ணிமைப்பதற்கு முன் உள்ளே இழுக்கப்படும். அதே ஈரத்தில் நிற்கும் ட்ரோசெரா வேறு வகையில் பசியாற்றுகிறது. அதன் இலையில் உள்ள மயிர்களின் நுனியில் பனித்துளிபோல் மின்னும் பசையில் சிற்றெறும்பும் கொசுவும் ஒட்டிக்கொள்கின்றன. இலைகள் தரையில் வட்டமாய்ப் படிந்திருந்தால் ட்ரோசெரா பர்மான்னி என்றும், நிமிர்ந்த தண்டில் நூல்போல் நீண்டிருந்தால் ட்ரோசெரா இண்டிகா என்றும் பிரித்தறியலாம்.

ஈரப்பாறையின் மண் விரற்கடை ஆழமே என்று முன்னர்க் கூறப்பட்டது. யூட்ரிகுலேரியாவின் உயிர் முழுவதும் அந்த விரற்கடைக்குள் இருக்கிறது. நடுவே அமர்ந்து படம் எடுக்கும் ஒரு குடும்பம் எழுந்து செல்லும்போது, அங்கே மண் இறுகி நீரோட்டத்தின் வழி மாறிவிடுகிறது. ஆகவே குழுவை நடத்துவோர் வெறும் பாறையின்மீது மட்டுமே அடிவைத்து நடக்கப் பழக்குதல் வேண்டும். பாறை முடிந்த இடத்தில் நடையும் முடிய வேண்டும். மக்கள் நெரிசல் மிகுந்ததால் காஸில் வேலியும் கட்டணமும் ஏற்பட்டன. மேய்ச்சலை அடியோடு நிறுத்தினால் உயர்ந்த புற்கள் பெருகிச் சிறு செடிகளை மறைக்கக்கூடும் என்ற கருத்தும் இது தொடர்பாகச் சொல்லப்பட்டுள்ளது. பல நூற்றாண்டுகளாக ஆடுமாடுகள் மேய்ந்த நிலத்தில் இதனை எளிதில் புறக்கணிப்பதற்கில்லை.

எங்கே நிறுத்திக்கொள்வது

வெண்ணிறப் பூக்கள் வேறொரு பாடத்தைக் கற்பிக்கின்றன. சட்டைப் பொத்தான்களைக் குச்சியில் குத்தி நட்டாற்போல் ஈரத்தரை முழுவதும் நிற்கும் 'கேந்த்', அதாவது எரியோகாலன், ஒரு குழந்தைகூடப் பார்த்தவுடன் அறியத்தக்கது. ஒவ்வொரு பொத்தானும் கடுகினும் சிறிய பல மலர்களின் திரள். ஆனால் அவ்வினத்துக்குள் இது எந்த வகை என்று சொல்ல முற்பட்டால், தேர்ந்த தாவரவியலாரும் தயங்குவர். விதையுறையின் மேல் உள்ள நுண்கோடுகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தே பல வகைகள் பிரிக்கப்படுகின்றன. மலைமேல் நின்றுகொண்டு அதற்கு முழுப்பெயர் சூட்டுவது வெறும் துணிச்சலே. குறிப்பேட்டில் 'எரியோகாலன், வகை அறியப்படவில்லை' என்று எழுதுவது குறையன்று. தவறான முழுப்பெயர்தான் குறை. பட்டியலில் பெயர்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும் ஆர்வம் மாணவரைவிட ஆசிரியரிடமே சில சமயம் மிகுந்து காணப்படுகிறது.

இதற்கு மாறாக, தரை ஆர்க்கிடுகளுள் சில எளிதில் முழுப்பெயர் தருவன. ஹேபனேரியா ஹேனியானா என்பதில் பூக்கள் யாவும் தண்டின் ஒரே பக்கம் திரும்பி வரிசையாய் நிற்பதால், பல் துலக்கும் தூரிகைபோல் தோன்றும். ஹேபனேரியா கிராண்டிஃப்ளோரிஃபார்மிஸ் என்பது முதல் மழையோடு வருவது. தரையோடு ஒட்டிய அகன்ற இலையும், உச்சியில் ஒன்று முதல் மூன்று வரை பெரிய வெண்பூக்களும் உடையது. ஆர்க்கிட் பூவுக்குக் கீழே காம்புபோல் தோன்றுவது காம்பன்று. முறுக்குண்ட சூற்பையே அது. லென்ஸில் அம்முறுக்கைக் காணும் மாணவர் ஆர்க்கிட் குடும்பத்தைப் பின்னர் மறப்பதில்லை.

பூவாத ஆண்டுகள்

செடி பூக்கவில்லையெனில் இனங்காண முடியாது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. சஹ்யாத்திரியின் கார்வி அதனைப் பொய்யாக்குகிறது. சரிவுகளில் ஆளுயரத்திற்கு மேல் அடர்ந்து வளரும் இப்புதர் ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்துக் காய்த்து மடிகிறது. மும்பையிலுள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் 2008ஆம் ஆண்டிலும் 2016ஆம் ஆண்டிலும் அது பெருமளவில் பூத்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலகிரிக் குறிஞ்சியும் இதே ஸ்ட்ரோபிலாந்தஸ் இனத்தைச் சேர்ந்ததே. அது 2006ஆம் ஆண்டிலும் 2018ஆம் ஆண்டிலும் மலர்ந்தது.

இடைப்பட்ட ஆண்டுகளில் கார்வியை எவ்வாறு அறிவது? இலைகள் எதிரெதிராய் அமைந்திருத்தல், கணுக்கள் பருத்திருத்தல், தண்டிலும் இலையிலும் சொரசொரப்பு, இலை விளிம்பில் பற்கள், இவற்றோடு ஒரே உயரத்தில் ஒரே வயதாய் நிற்கும் புதர்க்கூட்டம் என்பனவே அடையாளம். கிராம மக்களுக்கு இவையும் தேவைப்படுவதில்லை. கார்விக் குச்சிகளை வரிந்து, மண் பூசிச் சுவர் எழுப்பிய குடும்பத்தார் அதனைத் தொட்டே அறிவர். பீடபூமியின் மேல் இதன் உறவினமொன்று, கவிழ்த்த கூடைபோல் உருண்ட சிறு புதராக வளர்கிறது. அதனாலேயே அதற்குக் கூடைக்கார்வி என்னும் பொருள்பட 'டோப்ளி கார்வி' என்று பெயர். வடிவத்தை வைத்துப் பெயரிட்ட மக்களின் கண், வண்ணத்தை வைத்துப் பெயரிடும் கையேடுகளைவிடக் கூர்மையானது.

உரியவையும் வந்தேறியவையும்

ஒரு செடி அந்நிலத்துக்கு உரியதா என்பதைப் பூவைப் பார்த்தே சொல்லிவிட இயலாது. பெயரும் துணைசெய்யாது. பிரம்மதண்டு என்ற பெயரைக் கேட்பவர் அது வேதகாலம் தொட்டே இங்கிருந்தது என்று எண்ணுவர். அதன் தாயகமோ மெக்சிகோ. மாறாக, காசித்தும்பை வீட்டுத் தோட்டத்துத் தொட்டிச் செடி என்று பலரும் கருதுகின்றனர். அதன் காட்டு வடிவம் 'தேர்டா' என்ற பெயரில் மழைக்காலச் சஹ்யாத்திரிச் சரிவுகளை இளஞ்சிவப்பாக்குகிறது. அது இந்நாட்டுக்கே உரியது. தோட்டத்திலிருந்து காட்டுக்கு வந்ததன்று. காட்டிலிருந்து தோட்டத்திற்குச் சென்றது.

நிற்கும் இடம் ஓரளவு துப்புத் தரும். சாலை வெட்டிய மண், குப்பைமேடு, உணவுக்கடைகளின் பின்புறம், கைவிட்ட வயல் ஆகியவற்றில் தழைத்து, கிளறப்படாத பாறையில் காணப்படாத செடி பெரும்பாலும் வந்தேறியாயிருக்கும். ஆயினும் இது துப்பே அன்றிச் சான்றன்று. சான்று, அச்செடியின் பரவல் பற்றிய பதிவுகளில் உள்ளது. பார்த்தீனியம் இந்நாட்டில் பெருகத் தொடங்கியது 1955ஆம் ஆண்டளவில் புனே நகரில் கவனிக்கப்பட்டது. எழுபதாண்டுகளில் அது நாடெங்கும் பரவிவிட்டது. காஸுக்கு மிக அருகிலுள்ள பெருநகரங்களுள் புனேவும் ஒன்று. வண்டிச் சக்கரத்தில் ஒட்டிய சேற்றில் பார்த்தீனிய விதை ஏறிவருதல் அரிதன்று. பயணம் புறப்படுமுன் காலணியின் அடியைக் கழுவும்படி மாணவர்க்குச் சொல்வது மிகையான எச்சரிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அதற்குச் செலவு ஒரு குவளை நீரே.

குறிப்பும் படமும்

காப்புக்காடுகளில் வனத்துறையின் அனுமதியின்றிச் செடிகளைப் பறித்தல் கூடாது. ஆகவே மாணவரின் உலர்தாவரத் தொகுப்புக்குப் பதிலாகக் குறிப்பேடும் புகைப்படமும் அமைய வேண்டும். நாள், உயரம், நீர்நிலை, மண்ணின் ஆழம், செடியின் உயரம், இலை அமையும் முறை, புல்லி அல்லி கேசரங்களின் எண்ணிக்கை, உடன் வளரும் செடிகள், பூவை நாடிவரும் பூச்சி ஆகியவற்றை அவ்விடத்திலேயே எழுத வேண்டும். மாலையில் தங்குமிடத்தில் நினைவிலிருந்து எழுதும் குறிப்பில், இலை எதிரெதிரா மாறிமாறியா என்பதே முதலில் பிழைபடுகிறது. படமெடுப்போர் பூவின் முகத்தை மட்டும் பத்து முறை எடுப்பதைவிட, முகம், பக்கம், பின்புறம், தண்டோடு சேர்ந்த இலை, முழுச்செடி, நிற்குமிடம் என ஒவ்வொன்றாய் எடுத்தல் பயன் தரும். அளவு தெரிய அருகில் ஓர் அளவுகோலை வைக்கலாம்.

கைப்பேசியில் படத்தைக் காட்டினால் பெயரைச் சொல்லும் வசதிகள் இப்போது உள்ளன. அவை தரும் பெயரை விடையாகக் கொள்ளாமல் வினாவாகக் கொள்வதே முறை. அப்பெயருக்குரிய விவரத்தை நூலில் எடுத்துப் படித்து, புல்லி இத்தனை, கேசரம் இத்தனை என்று செடியோடு ஒப்பிட்ட பின்னரே ஏற்க வேண்டும். எங்கும் பரவிய செடிகளை நன்கு அறியும் அவ்வசதிகள், ஒரு மலையுச்சிக்கு மட்டுமே உரிய செடியிடம் தடுமாறுவது இயல்பு.

இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். காஸில் வளரும் செரோபீஜியா ஜைனியை என்பது அழியும் நிலைக்கு அஞ்சப்படும் அரிய செடி. இதன் இனத்தைச் சேர்ந்த பூக்கள் குழல்வடிவானவை. உள்ளே நுழையும் சிறு ஈக்களைக் கீழ்நோக்கிய மயிர்களால் சிறிது நேரம் சிறைப்படுத்தி, மகரந்தம் பூசி, மயிர் வாடியபின் வெளியேவிடும் திறமை வாய்ந்தவை. வடிவத்தால் விளக்கை ஒத்திருப்பதால் மராத்தியில் 'கந்தீல்' பூ என்பர். இவ்வினச் செடிகளின் கிழங்குகளை மேய்ப்பர்கள் தின்பதுண்டு, சேகரிப்போரும் தோண்டுவதுண்டு. ஆகவே இத்தகைய செடியின் படத்தைப் பொதுவில் வெளியிடும்போது, எடுத்த இடத்தின் துல்லியமான குறியீட்டை நீக்கிவிடுதல் வேண்டும். வட்டத்தின் பெயர் போதுமானது.

நூல்களைப் பயன்படுத்தல்

பம்பாய் மாகாணத்துத் தாவரங்களைப் பற்றித் தியோடர் குக் 1901 முதல் 1908 வரை வெளியிட்ட நூலும், ஹூக்கர் 1872 முதல் 1897 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்ட இந்தியத் தாவர நூலும் இன்றும் கைவிடத்தக்கவை அல்ல. மும்பை புனித சேவியர் கல்லூரியில் பணியாற்றி, பின்னர் இந்தியத் தாவர ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த பாதிரியார் சாந்தாபாவு, கண்டாலா மலையின் தாவரங்களைப் பற்றி 1953ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் கள ஆய்வு எவ்வாறு எழுதப்பட வேண்டும் என்பதற்கு எடுத்துக்காட்டு. மகாராஷ்டிரத் தாவரங்கள் பற்றி ஆய்வகம் 1996 முதல் 2001 வரை வெளியிட்ட தொகுதிகள், பிற்காலத்தில் கண்டறியப்பட்டவற்றையும் தருகின்றன. ஆய்வகத்தின் மேற்கு மண்டல நிலையம் புனேயில் உள்ளது.

பழைய நூலில் ஒரு பெயரும் புதிய நூலில் வேறு பெயரும் காணப்பட்டால் மாணவர் குழம்புவர். கார்வி சில நூல்களில் ஸ்ட்ரோபிலாந்தஸ் கல்லோசா என்றும், சிலவற்றில் கார்வியா கல்லோசா என்றும் உள்ளது. செடி ஒன்றே, அதன் உறவுமுறை பற்றிய கருத்துத்தான் மாறியது. குறிப்பேட்டில் பெயரோடு, எந்த நூலைக் கொண்டு அப்பெயர் எழுதப்பட்டது என்பதையும் சேர்த்தால் குழப்பம் தீரும். மக்கள் வழங்கும் பெயரையும், அதைச் சொன்ன ஊரையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

செப்டம்பரில் பெயர் தெரியாமல் விடப்பட்ட செடிகளுக்கு அக்டோபரில் ஒரு வாய்ப்பு உண்டு. அப்போது பயணிகளின் கூட்டம் ஓய்ந்திருக்கும், பூக்களும் ஓய்ந்திருக்கும். ஆனால் பல குடும்பங்களில் இனத்தைத் தீர்மானிப்பது காயே. ஸ்மித்தியாவின் உலர்ந்த புல்லிவட்டத்தை மெல்லப் பிரித்தால், துண்டு துண்டான காய் உள்ளே மடித்துவைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு எழுதிய குறிப்பில் விட்டுப்போன இடத்தை, அன்று வெயிலில் அமர்ந்து நிரப்பிக்கொள்ளலாம்.